பூட்டிய பெட்டியும் திறக்கும் பெட்டியும்

ஊவா மாகாணத்தின் நடுவே 2036 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது கொடுமுடிகள் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். அம்மலையைச் சூழ்ந்து பதுளை, பசறை, தெமோதரை, ஹாலி-எல என விரியும் தேயிலை நாட்டில், யந்திரம் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாத பழக்கமுடைய பொருள். யந்திரத்தை வாங்குவது எளிது, அதைக் காப்பாற்றுவதே அரிது என்பதை மலைநாட்டார் அனுபவத்தில் அறிந்தவர்கள். ஆதலின், இக்காலத்தில் உலகெங்கும் விவாதிக்கப்படும் ஒரு வினாவை இம்மலையடிவாரத்தில் நின்று நோக்குவது பொருத்தமுடையதே.

அவ்வினா வருமாறு: ஒரு குடும்பம் வீட்டுக்கென வாங்கும் கணினி, வாங்கிய அன்று பெற்றிருந்த ஆற்றலோடேயே தன் ஆயுளை முடித்துக்கொள்ள வேண்டுமா? அன்றி, காலத்துக்கேற்ப அதன் உறுப்புகளை மாற்றவும் பெருக்கவும் வாங்கியவருக்கு வழியிருத்தல் வேண்டுமா? திரையும் செயலியும் நினைவகமும் ஒலிபெருக்கியும் ஒரே உடலில் அடங்கிய கணினிகளை வணிகர்கள் ‘ஆல்-இன்-ஒன்’ என்று வழங்குவர். மேசையில் இடம் குறைவாகப் பிடிக்கும், கம்பிகளின் சிக்கல் இல்லை, பார்வைக்கும் அழகு. ஆயின், அதன் ஓர் உறுப்பு பழுதுற்றாலோ பழமையுற்றாலோ முழு உடலையும் கைவிட நேர்கின்றது. எனவே இவ்வினா வேறு எக்கணினியையும் விட இவ்வகைக் கணினிக்கே மிகவும் பொருந்தும்.

இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் பழைய அமைப்பைச் சற்று நினைவுகூர்தல் நலம். மேல்மாடிகளில் கொழுந்து வாடும். கீழ்த்தளத்தில் உருட்டும் யந்திரங்கள் சுழலும். அப்பால் உலர்த்தும் யந்திரம் அனல் வீசும். பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் என்பார் ஆக்கிய ‘சிரோக்கோ’ என்னும் உலர்த்தும் யந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இலங்கைத் தோட்டங்களில் பெயர் பெற்றுவிட்டது. இந்த யந்திரங்களுள் பெரும்பாலானவை தனித்தனியே உந்துசக்தி பெற்றிருக்கவில்லை. கூரையை ஒட்டி ஓடிய நீண்ட இரும்புத் தண்டு ஒன்று அவற்றையெல்லாம் வார்ப்பட்டிகளின் மூலம் இயக்கிற்று.

அந்தத் தண்டின் நுனியில் எது இணைக்கப்பட்டிருந்தது என்பதே கருதத்தக்கது. தொடக்கத்தில் அருவிநீரால் சுழலும் சக்கரம் இருந்தது. பின்னர் நீராவி யந்திரமும் எண்ணெய் யந்திரமும் வந்தன. 1950 ஆம் ஆண்டில் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், நாட்டின் மின்சாரம் படிப்படியாக மலைநாட்டை எட்டியது. மின்மோட்டர் வந்தபோது உருட்டும் யந்திரத்தை வீச வேண்டிய தேவை நேரவில்லை. வார்ப்பட்டி அற்றால் பட்டியை மாற்றினர். தாங்கி தேய்ந்தால் தாங்கியை மாற்றினர். உந்துசக்தி பழையதானால் அதையே மாற்றினர். ஓர் உறுப்பின் மூப்பு மற்றோர் உறுப்பைக் கொல்லாத வண்ணம் அவை பிரிந்து நின்றமையே அத்தொழிற்சாலைகள் நெடுங்காலம் நிலைத்ததற்கு ஒரு காரணம் எனலாம்.

தொழிற்சாலை செல்வருடைய சொத்து. சாதாரண மனிதர் தம் கைப்பணத்தால் வாங்கிய முதல் இலத்திரனியற் கருவி எது என்று கேட்டால், வானொலிப் பெட்டியே என்று கூறவேண்டும். 1925 டிசெம்பரில் கொழும்பிலிருந்து முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1949 இல் அது இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. அக்காலத்து வால்வு வானொலி பாரமான மரப்பேழையில் அமைந்தது. ஆயினும் அப்பேழையின் பின்பலகையைச் சாதாரண திருப்புளியால் கழற்றலாம். உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் சொருகப்பட்டிருக்கும். ஒரு வால்வு எரிந்துபோனால் அதே இலக்கமுடைய மற்றொன்றைக் கடையில் வாங்கிச் சொருகினால் பெட்டி மீண்டும் பேசும். பல பெட்டிகளின் பின்புறத்தில் இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கென இரண்டு துளைகளும் விடப்பட்டிருந்தன. இன்று வானொலி வாங்கியவர், கையில் பணம் சேர்ந்தபின் இசைத்தட்டுக் கருவியையும் வாங்கி இணைத்துக்கொள்ளலாம் என்பதை அப்பெட்டியை ஆக்கியவர்கள் முன்னரே எண்ணியிருந்தனர்.

வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே பேழையில் அமைந்த ‘றேடியோகிராம்’ என்னும் சாதனமும் அந்நாளில் வசதியுள்ள இல்லங்களை அலங்கரித்தது. எல்லாம் ஒரே உடலில் அடங்கிய கணினிக்கு அதுவே முன்னோடி எனலாம். ஆனால் அதன் கதவைத் திறந்தால் உறுப்புகள் தனித்தனியே நிற்பதைக் காணலாம். ஒரே பேழையில் அடங்கியிருத்தல் வேறு, பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிவிடுதல் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாற்றான் பின்வரும் வரலாறு விளங்கும்.

கணினி வீட்டுக்குள் நுழைந்த காலத்திலேயே இவ்விரு நெறிகளும் எதிரெதிரே நின்றன. 1977 இல் வெளிவந்த அப்பிள் இரண்டாம் கணினியின் மூடியைக் கையாலேயே தூக்கலாம். உள்ளே துணைப்பலகைகளைச் சொருகுவதற்கு எட்டு வாய்கள் இருந்தன. அக்கம்பனியின் இணை நிறுவனரான ஸ்டீவ் ஜொப்ஸ் இரண்டு வாய்களே போதும் என்றாராம். அக்கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக் எட்டு வாய்கள் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். வாங்கியவர்களும் வேறு கம்பனிகளும் அவ்வாய்களில் எத்தனையோ புதுமைகளைச் சொருகினர். அவ்வரிசைக் கணினிகளின் உற்பத்தி 1993 வரை நீடித்தது. ஒரு கணினி வரிசைக்குப் பதினாறு ஆண்டு ஆயுள் என்பது அத்துறையில் அரிய செய்தி.

அதே காலத்தில் மற்றைய நெறிக்கும் ஒருவர் வழிகாட்டினார். அவர் வாழ்க்கை தமிழ் மண்ணோடு தொடர்புடையது. ஆடம் ஒஸ்போர்ன் என்னும் அவ்வாங்கிலேயர் 1939 இல் பாங்கொக் நகரில் பிறந்தவர். அவர் தந்தையார் ஆதர் ஒஸ்போர்ன், இரமண மகரிஷியின் அடியவராகத் திருவண்ணாமலையில் வாழ்ந்து, மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். ஆடம் தம் இளமைப் பருவத்தைத் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும் கழித்தார். தமிழைச் சரளமாகப் பேசினார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரசாயனப் பொறியியல் கற்று, கணினி நூலாசிரியராகப் புகழ் பெற்று, 1981 இல் தம் பெயராலேயே ஒரு கணினியை வெளியிட்டார்.

அக்கணினியின் விலை 1795 டொலர். எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். 5 அங்குலத் திரை, 64 கிலோபைற்று நினைவகம், இரு நெகிழ்தட்டு இயக்கிகள், விசைப்பலகை யாவும் தையல் யந்திரப் பெட்டி போன்ற ஒரே பெட்டியில் அடங்கின. எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் வேண்டிய மென்பொருள்களும் அவ்விலையிலேயே சேர்ந்து வந்தன. வாங்கியவர் வேறொன்றையும் தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண மனிதருக்கு வேண்டியது சிறப்பன்று, போதுமானதே என்பது ஒஸ்போர்னின் கொள்கை. அக்கொள்கை வென்றது. விற்பனை உச்சத்தில் இருந்தபோது மாதம் 10,000 கணினிகள் வரை விலைபோயின.

ஆயினும் அச்சிறு திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தெரிந்தன. அலுவலகத் தாளின் ஒரு வரிக்கோ 80 எழுத்துகள் வேண்டும். 1982 இல் கேப்றோ என்னும் போட்டிக் கணினி, 9 அங்குலத் திரையில் 80 எழுத்துகளைக் காட்டி, அதே 1795 டொலருக்கு வந்தது. ஒஸ்போர்ன் கம்பனி 80 எழுத்துகளைக் காட்டும் துணைப்பலகையொன்றைப் பின்னர் விற்றதாயினும், திரை 5 அங்குலமாகவே இருந்தது. உடலோடு ஒட்டிய உறுப்பை மாற்றல் எங்ஙனம்? 1983 இல் கம்பனி பெரிய திரையுடைய புதிய கணினியை அறிவித்தது. புதியது வருமென அறிந்த மக்கள் பழையதை வாங்காது காத்திருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் கம்பனி முறிந்தது. வீழ்ச்சிக்கு அவ்வறிவிப்பு ஒன்றே காரணமன்று, போட்டியும் நிர்வாகக் குறைகளும் சேர்ந்தே கம்பனியைச் சாய்த்தன என்று வாதிப்போரும் உளர். எனினும், புதிய பொருளை முன்கூட்டி அறிவித்துப் பழைய பொருளின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு ‘ஒஸ்போர்ன் விளைவு’ என்ற பெயர் வணிக உலகில் நிலைத்துவிட்டது. ஒஸ்போர்ன் தம் இறுதிக் காலத்தில் நோயுற்று மீண்டும் கொடைக்கானலுக்கே வந்து, 2003 மார்ச்சில் அங்கே காலமானார்.

அந்தப் போட்டிக் கணினி இலங்கைக்கும் வந்தது. கொழும்பில் வாழ்ந்த அறிவியற் புனைகதை ஆசிரியர் ஆதர் சி. கிளார்க், தமது ‘2010’ என்னும் நாவலைக் கணினியிலேயே எழுதினார். முழு நூலும் ஒரே நெகிழ்தட்டில் அடங்கி நியூயோர்க் சென்றது. இறுதித் திருத்தங்கள் பாதுக்க செய்மதி நிலையத்தின் வழியாகச் சென்றன. அந்நாவல் திரைப்படமானபோது, 1983 இல் அதன் இயக்குநரோடு அவர் கடிதத் தொடர்பு கொண்டது கேப்றோ கணினியின் துணையாலேயே. தொலைபேசிக் கம்பியில் இணையும் ‘மோடம்’ என்னும் துணைக்கருவி அதற்கு உதவிற்று. பெட்டி அடைபட்டதாயினும், வெளியுலகோடு இணைய ஒரு துளை அதிலிருந்தமையால் கொழும்பும் கலிபோர்னியாவும் உரையாடின.

1984 ஜனவரியில் மெக்கின்றோஷ் வந்தது. 2495 டொலர் விலை, 9 அங்குலத் திரை, 128 கிலோபைற்று நினைவகம். துணைப்பலகைக்கு ஒரு வாயேனும் இல்லை. நினைவகச் சில்லுகள் பலகையிலேயே ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தன. பெட்டியைத் திறப்பதற்கு நட்சத்திர வடிவத் தலையுடைய திருகாணிக்கேற்ற நீண்ட கருவி வேண்டும். அதைச் சாதாரண வீட்டில் எங்கே தேடுவது? வானொலிப் பெட்டியைப் போலத் திறந்து பார்க்கும் உரிமையே அங்கு மறுக்கப்பட்டது. ஆனால் 128 கிலோபைற்று போதாது என்பது விரைவில் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே 512 கிலோபைற்று உடைய கணினியைக் கம்பனி விற்றது. முந்தியதை வாங்கியோர் மனம் வருந்தினர். 1986 இல் வந்த மெக்கின்றோஷ் பிளஸ் கணினியில், ஒரு மெகாபைற்று நினைவகத்தை நான்கு வரை பெருக்குவதற்குச் சொருகுவாய்கள் அமைந்தன. பூட்டிய பெட்டியை ஆக்கியவர்களே ஈராண்டில் ஒரு சிறு கதவை வைக்க நேர்ந்தது.

அதன் பின்னரும் கதவு திறப்பதும் மூடுவதுமாகவே வரலாறு நடந்தது. 1998 இல் வந்த ஐமெக், ஒரே உடற் கணினிக்கு உலகெங்கும் புதிய மோகத்தை உண்டாக்கிற்று. 2004 இல் வந்த அதன் புதிய வடிவத்தில், பின்மூடியைக் கழற்றிப் பல உறுப்புகளை வாங்கியவரே மாற்றும் வசதி இருந்தது. 2012 இல் மெல்லிய வடிவம் வந்தபோது திரை பசையால் ஒட்டப்பட்டது. 27 அங்குலப் பெரிய கணினியில் மட்டும் நினைவகத்துக்கென ஒரு சிறு கதவு 2020 வரை நிலைத்தது. 2021 இல் வந்த 24 அங்குலக் கணினியில் அதுவும் நீங்கிற்று. நினைவகம் செயலியோடு ஒரே பொதியில் அமைந்துவிட்டமையால், வாங்கும் நாளில் தெரிந்தெடுத்த அளவே இறுதி அளவாயிற்று. பிற கம்பனிகளின் ஒரே உடற் கணினிகளுள் நினைவகத்தையும் சேமிப்புத் தட்டையும் மாற்றத்தக்கவையும் உண்டு, மாற்றவொண்ணாதவையும் உண்டு.

ஆக்குவோர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் கூடாது. நினைவகம் செயலிக்கு மிக அருகில் இருந்தால் செய்தி விரைவாகச் செல்லும். மின்சாரமும் குறைவாகச் செலவாகும். சொருகுவாய் இல்லாவிடில் தளர்ந்துபோகும் இணைப்பும் இல்லை. ஈரப்பதனும் மூடுபனியும் மிக்க மலைநாட்டில் இது சிறு நன்மையன்று. உடல் மெலியும், பொருத்தும் கூலியும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி வாங்குவோருள் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்ப்பதேயில்லை. ஒருபோதும் திறவாத கதவுக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பர். கேள்வி நேர்மையானது.

இதற்கு விடை, ‘வாங்குபவர்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் கொள்கின்றோம் என்பதைப் பொறுத்தது. வால்வு வானொலியின் பின்பலகையை வீட்டுக்காரர் தாமே கழற்றியது அபூர்வம். கடைவீதியில் வானொலி திருத்துபவர் கழற்றினார். கதவு வீட்டுக்காரரின் கைக்காக அமைந்ததன்று, அவர் நம்பும் வேறொரு கைக்காக அமைந்தது. மேலும், ஒரு கணினிக்கு முதலில் வாங்குபவர் மட்டுமா உரியவர்? கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினி, திருத்தம் பெற்று, பதுளையில் ஒரு மாணவியின் மேசைக்கு வரலாம். அவள் தம்பிக்கு அது மூன்றாம் கையாய்ச் சேரலாம். முதற் கைக்குத் தேவைப்படாத கதவு மூன்றாம் கைக்கு உயிர்நாடியாகின்றது. விற்பனைப் புள்ளிகளில் முதற் கை மட்டுமே தெரியும்.

நமுனுகுலச் சாரலில் இதன் பொருள் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், அடிப்படை நாட் சம்பளம் 2024 இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கணினியின் விலை ஒன்றரை இலட்சம் ரூபா எனக் கொள்க. 1350 ரூபா வீதம் அது 111 நாள் உழைப்பு. உண்ணாமலும் உடுக்காமலும் சேர்த்தாலன்றி அத்தொகை நான்கு மாதங்களில் சேராது. அதன் நினைவகத்தைப் பெருக்க 15,000 ரூபா ஆகுமெனில், அது 11 நாள் உழைப்பு. பதினொரு நாள் உழைப்பால் தீரக்கூடிய குறையை 111 நாள் உழைப்பாக மாற்றிவிடுவது ஒரு துளி ஈயம்.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி திரைக்குள் புகுந்தது. ஊவாவின் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றேறிய செய்தி உலகப் பத்திரிகைகளிலும் வந்தது. கணினி அறிவு பற்றிய அரசாங்கக் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றனுள் தோட்டப்புறமே கடைசியில் நிற்கின்றது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டிற்று. புதுக் கணினி கைக்கெட்டாத கனியாயிற்று. அத்தகைய காலத்தில், இருப்பதைத் திருத்தியும் பெருக்கியும் காலந்தள்ளுதல் சிக்கனம் மட்டுமன்று, ஒரு பிள்ளையின் கல்வி இடையறாது நடப்பதற்கான வழியுமாகும்.

உறுப்பு மாற்றும் வசதி எல்லா நோய்க்கும் மருந்து என்று கூறிவிடவும் முடியாது. 2025 அக்டோபர் 14 ஆம் நாள் விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பு, குறித்த பாதுகாப்புச் சில்லும் குறித்த வகைச் செயலியும் வேண்டும் என்கின்றது. நன்றாக இயங்கும் எத்தனையோ கணினிகள், நினைவகம் நிறைந்திருந்தும், இவ்விதியால் வாசலில் நிறுத்தப்பட்டன. இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸ் போன்ற மென்பொருள் அவற்றுக்கு மறுவாழ்வு தரவல்லது. ஆயினும் வன்பொருளின் கதவு திறந்திருந்தாலும் மென்பொருளின் கதவு அடைபடலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

உலக நாடுகள் இதனைக் கவனியாதிருக்கவில்லை. 2022 இல் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவை ஈன்றது. முறையாகச் சேகரித்து மீளாக்கப்பட்டதாகப் பதிவானது அதில் நூற்றுக்கு 22 பங்கு அளவே. பிரான்சு தேசம் 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குத் ‘திருத்துந் தகுதிப் புள்ளி’யை வாங்குவோருக்குக் காட்டச் செய்தது. இந்தியா 2022 டிசெம்பரில், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பொருள்களைத் திருத்துவதை ஊக்குவிக்கும் சட்டப் பணிப்பை இயற்றியது. எனினும் திருத்துதல் வேறு, பெருக்குதல் வேறு. கெட்டதைப் பழைய நிலைக்குக் கொணர்வது முன்னது. வளரும் தேவைக்கு ஈடாகப் பொருளையும் வளர்ப்பது பின்னது. சட்டங்கள் பெரும்பாலும் முன்னதைப் பற்றியே பேசுகின்றன.

அவ்வாறாயின் எல்லாக் கணினியும் எட்டு வாய்களோடு வரவேண்டும் என்று கேட்பதா? தேவையில்லை. ஒஸ்போர்ன் கண்டவாறு சாதாரண மனிதருக்குப் போதுமானதே வேண்டும். ஆனால் இன்று போதுமானது நாளை போதாது என்பதையும் அவர் கம்பனியின் கதையே கற்பிக்கின்றது. நினைவகமும் சேமிப்புத் தட்டும் மாற்றத்தக்கனவாய் இருத்தல், சாதாரண திருப்புளியால் உடலைத் திறக்க முடிதல், உள்ளிருக்கும் கணினி மூப்படைந்தாலும் அதன் திரையை வேறு கணினிக்குத் திரையாகப் பயன்படுத்த ஓர் இணைப்பு வாய் இருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தாற் போதும். இவற்றுள் எதுவும் செய்யவியலாத அற்புதமன்று. மூன்றையும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கம்பனிகள் செய்துகாட்டியே இருக்கின்றன. வேகத்துக்காக நினைவகத்தைச் செயலியோடு சேர்த்தே தீரவேண்டும் என்னும் கம்பனி, அதைப் பெட்டியின் மேல் வாங்குவோர் மொழியில் தெளிவாக எழுதிவிடட்டும். சேமிப்புத் தட்டையும் திரையையுமாவது பிரிக்கத்தக்கனவாய் விடட்டும்.

சட்டம் வரும்வரை வாங்குவோர் கையிலும் ஒரு வலிமை உண்டு. பதுளைக் கடைவீதியில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்னர் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதன் நினைவகத்தைப் பின்னர் பெருக்கலாமா? சேமிப்புத் தட்டு கெட்டால் இவ்வூரிலேயே மாற்றலாமா? கணினி நின்றுபோனாலும் திரை பயன்படுமா? யானையை விற்றபின் அங்குசத்துக்கு வழக்காடிப் பயனில்லை. மூன்றுக்கும் இல்லை என்ற விடை வந்தால், அந்த அழகிய மெல்லிய பெட்டியை விட, திரை வேறு உடல் வேறாய் நிற்கும் சாதாரண மேசைக் கணினியே அக்குடும்பத்துக்கு ஏற்றது. மேசையில் சற்று அதிக இடம் பிடிக்கும். ஐந்தாண்டு கழித்தும் அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படும்.